அட்டவணையில் விடுபட்ட பத்தி

ஜூலை 4

அன்புத் தங்கச்சிக்கு,

நானும் உன் அண்ணியும் நன்றாக இருக்கிறோம். ஏணி ஏறி ஏறி வந்த உன் முட்டி வலி குறைந்ததா? மாப்பிள்ளை சுகம்தானே? போன் பண்ணாமல் இந்தக் காலத்திலும் கடிதம் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. போனில் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகிறது.

பல்கலைக்கழகத்தில் எனக்கு இது தகுதிகாண் காலத்தின் கடைசி வருடம். பதினெட்டு வருடம் தற்காலிக வேலையில் காலத்தை ஓட்டிய பிறகு கிடைத்த இடம் என்பது உனக்குத் தெரியும். டிசம்பரில் மூன்று பேர் கொண்ட குழு என் வகுப்பில் வந்து உட்காரும். அவர்களுக்குத் திருப்தி என்றால் நிரந்தரம். இல்லையென்றால் நாற்பத்தாறு வயதில் மறுபடியும் விண்ணப்பம் எழுத வேண்டியதுதான்.

இந்த நேரத்தில் மாணவர்களிடம் கருத்துப் படிவம் வாங்கியிருக்கிறார்கள். அறுபத்திரண்டு படிவம். புள்ளியியல் வாத்தியார் எண்ணாமல் இருப்பானா? நாற்பத்தொன்றில் ஒரே வாசகம்: வகுப்பில் தூக்கம் வருகிறது. அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘தாலாட்டு’. நான் நடந்து போகும்போது பின்னாலிருந்தே அப்படிச் சொல்கிறார்களாம். எங்கள் துறையின் அலுவலக உதவியாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அறையையாவது குறை சொல்லலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. புதுக் கட்டிடம், பதினேழாம் எண் அறை. சுவரில் இரண்டு ஏசி. சாலைச் சத்தம் வரக்கூடாது என்று கண்ணாடி ஜன்னல்களைத் திறக்க முடியாதபடி அடைத்துவிட்டார்கள். குளுகுளுவென்றுதான் இருக்கிறது. அப்படியும் பத்தே கால் மணிக்கெல்லாம் முதல் தலை சாய்கிறது. பத்தரைக்குப் பாதி வகுப்பு மேஜையில். முப்பது வருடம் படித்ததெல்லாம் ஊரைத் தூங்க வைக்கத்தானா என்று இருக்கிறது.

பதில் எழுது.

உன் அண்ணன்


ஜூலை 15

அன்புள்ள அண்ணனுக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கிறது, நானும் அப்படியேதான் ஏணி ஏறுகிறேன். உன் மாப்பிள்ளை நலம், எடைதான் கூடிவிட்டது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தாலாட்டு என்று படித்ததும் சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள். வேண்டாம், மன்னிக்காதே, இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, தொழில் பேசுகிறேன். பதினைந்து வருடமாக ஏசி மெக்கானிக். மூன்று கட்டிடம் என் பொறுப்பில் இருக்கிறது. பெரிய பெரிய அதிகாரிகள்கூடச் செய்யும் தப்பைத்தான் நீயும் செய்கிறாய். குளிர் வேறு, காற்று வேறு. சுவரில் மாட்டும் ஏசி வெளியிலிருந்து ஒரு மூச்சுக் காற்றைக்கூட உள்ளே கொண்டுவராது. அறைக்குள் இருப்பதையே இழுத்து, குளிர வைத்து, திரும்பவும் உள்ளேயே விடும். அறுபத்திரண்டு பேர் விட்ட மூச்சை அறுபத்திரண்டு பேரும் ஜில்லென்று திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட அறையில் தலை வலிக்கும், கண் சொக்கும். இளைப்பு இருக்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். பாடத்தை யார் நடத்தினாலும் இதே கதிதான்.

என்னிடம் உபரியாக இருந்த ஒரு அளவுக் கருவியை அனுப்புகிறேன். மூச்சு விடும்போது வெளிவரும் கரியமில வாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எண்ணாகக் காட்டும். வெட்டவெளியில் நானூற்றுச் சொச்சம் இருக்கும். வகுப்பறையில் ஆயிரத்துக்குள் இருந்தால் நல்லது. இரண்டாயிரத்தைத் தாண்டினால் நீ பாடம் நடத்துவது வீண்.

இரண்டு கேள்வி. அந்த அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா? அது ஓடுகிறதா?

அன்புடன்,
தங்கை


ஆகஸ்ட் 2

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதமும் கருவியும் ஜூலை மாதமே வந்துவிட்டன. முட்டிக்கு ஒரு நல்ல மருத்துவரைப் பார். உன் கைவைத்தியம் போதும். அண்ணி உன்னை ரொம்பக் கேட்டாள்.

நேற்று என் வகுப்பில் கருவியை மேஜையில் வைத்தேன். நுழையும்போது தொள்ளாயிரத்து நாற்பது. முடியும்போது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து! எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல் இருந்தது. தூக்கத்துக்குக் காரணம் நான் இல்லை, அறை! இத்தனை நாள் கண்ணாடி முன்னால் நின்று குரலை ஏற்றி இறக்கிப் பழகிப் பார்த்தேன் என்றால் நம்புவாயா? உன் அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாளாம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் பின் சுவரில் இருக்கிறது. பெரியது, புதியது. கட்டிடத்தோடு சேர்த்து மாட்டியது.

துறைத் தலைவருக்கு ஓர் அறிக்கை எழுதப் போகிறேன். எண்களோடு கொடுத்தால் குழுவும் புரிந்துகொள்ளும். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சௌக்கியம். மருத்துவரிடம் போனேன், ஏணி ஏறாதே என்றார். ‘நீங்க ஊசி போடாம இருப்பீங்களா?’ என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அறிக்கையை இப்போதே கொடுக்காதே. ஒரு நாள், ஒரு வகுப்பு. நீயே இதை ஒப்புக்கொள்ள மாட்டாய். கருவியைக் காலையிலிருந்து மாலை வரை அலமாரி மேல் வைத்துவிடு. அது தானாகக் குறித்துக்கொள்ளும். யார் வகுப்பு, எத்தனை பேர், முடியும்போது எவ்வளவு என்று இரண்டு வாரத்துக்கு ஒரு அட்டவணை போடு. அப்புறம் கொடுத்தால் எவனும் வாயைத் திறக்க மாட்டான்.

அது சரி, நான் கேட்டது இரண்டு கேள்வி. ஒன்றுக்குத்தான் பதில் வந்திருக்கிறது.

அன்புடன்,
தங்கை


செப்டம்பர் 9

அன்புத் தங்கச்சிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான்.

இரண்டு வாரமும் எண்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன்.

திங்கள், 9 மணி, பொருளாதாரம், 62 பேர்: 940
திங்கள், 10 மணி, புள்ளியியல், 62 பேர்: 2310
திங்கள், 11 மணி, கணினி, 62 பேர்: 980
திங்கள், 2 மணி, பொருளாதாரம், 60 பேர்: 920

வியாழனும் இப்படித்தான். பத்து மணிக்கு வெயில் ஏறுவதால் இருக்கலாம். என் பாடத்தில் மூளைக்கு வேலை அதிகம், அதனால் மூச்சும் அதிகம் என்றும் ஒருவர் வாதிடலாம்.

அண்ணியும் நானும் நலம்.

உன் அண்ணன்


செப்டம்பர் 16

அண்ணா,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். அதனால் இந்த முறை கேட்கவில்லை.

மூளைக்கு வேலை அதிகம், மூச்சும் அதிகம்! இந்தச் சப்பைக்கட்டை உன் மாணவன் எழுதியிருந்தால் சைபர் போட்டிருப்பாய். அதே அறை, அதே அறுபத்திரண்டு பேர், அதே ஏசி. ஒன்பது மணிக்கு நல்ல காற்று, பதினொரு மணிக்கு நல்ல காற்று, நடுவில் உன் வகுப்பில் மட்டும் எண் ஏறுகிறது. உன் அட்டவணையில் ஒரு பத்தியை விட்டுவிட்டாய் அண்ணா. ‘ஃபேன்: ஓடியது, ஓடவில்லை’ என்று ஒரு பத்தி இருந்திருக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் அதை நிறுத்துகிறவன் நீதான்.

எண்களைத் திருத்தி எழுத உனக்கு மனசு வரவில்லை பார், அதற்காக உன்னை இன்னும் பிடிக்கிறது. ஆனால் ஏன் நிறுத்துகிறாய் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். சத்தம்தான் காரணமாக இருக்க வேண்டும். அவ்வளவு சத்தம் என்றால் மற்ற இரண்டு வாத்தியார்களும் நிறுத்தியிருப்பார்களே? அவர்களுக்கு அது தொந்தரவாக இல்லை. ஃபேன் ஓடினால் மாணவர்கள் பேசுவது உனக்கு மட்டும் கேட்பதில்லை.

நேராகக் கேட்கிறேன். அப்பாவுக்கு வந்தது உனக்கும் வந்துவிட்டதா?

அப்பா அச்சகத்தில் இயந்திரத்தோடு நின்று நின்று காது போனதை யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். என் பள்ளித் தலைமை ஆசிரியை, ‘பொண்ணைத் தையல் பிரிவுல போட்டுடலாமா?’ என்று கேட்டதற்கும் தலையாட்டினார். நான் கேட்டது அறிவியல் பிரிவு. மாற்றிக் கேட்கப் போனபோது இடம் நிரம்பிவிட்டது. இரண்டு வருடம் ஊசி உடைத்தேன். நாம் இதை எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம்! சிரிக்கிற விஷயமா அது?

பதில் எழுது. உடனே எழுது.

தங்கை


அக்டோபர் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். அண்ணிதான் எடுத்தாள். ‘அவரு எப்படி இருக்காரு?’ என்றேன். ‘நல்லா இருக்காரு’ என்றாள். ‘காது?’ என்றேன். இங்கே மழை பெய்ததா என்று கேட்டாள். நான் பெய்தது என்றேன். அதோடு வைத்துவிட்டோம்.

நான் எழுதியது கடுமையாக இருந்தால் அந்தக் கடுமைக்கு மன்னித்துக்கொள். எழுதிய விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஃபேனைப் போடு.

தங்கை


நவம்பர் 3

அன்புத் தங்கச்சிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றி இந்தக் கடிதத்தில் மறைக்காமல் எழுதுகிறேன்.

நீ சொன்னதெல்லாம் சரி. மூன்று வருடமாக இடது காது அநேகமாக இல்லை. வலது காதும் தேய்ந்துகொண்டு வருகிறது. அமைதியான அறையில், எதிரே முகம் தெரிந்தால், சமாளித்துவிடுவேன். ஃபேன் ஓடினால் எல்லோர் பேச்சும் ஒரே இரைச்சலாகக் கலந்துவிடும். அதனால் வகுப்புக்குள் போனதும் கரும்பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சை அணைப்பேன். ஏசி ஓடுகிறதே, காற்று வருகிறதே என்று நினைத்தேன். உன் ஜூலைக் கடிதம் வரும்வரை அது அறியாமை. அதற்குப் பிறகும் அணைத்தேன். டிசம்பர் வரை சமாளித்துவிட்டால் போதும், நிரந்தரம் ஆனதும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் வரிசையில் உட்காரும் ஒரு பெண்ணுக்கு இளைப்பு உண்டு. இரண்டு வாரத்துக்கு முந்திய வியாழக்கிழமை அவள் எழுந்து என்னவோ கேட்டாள். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்ததால் உதட்டசைவு தெரியவில்லை. சந்தேகம் கேட்கிறாள் என்று நினைத்து, ‘அது அடுத்த வகுப்புல வரும்மா’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அது மட்டும் எனக்குக் கேட்டது. அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கேட்டது, ‘சார், மூச்சு முட்டுது, ஃபேன் போடலாமா?’

இன்னும் கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மணி அடித்ததும் வெளியே போய்த் தாழ்வாரத்தில் விழுந்துவிட்டாள். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். இப்போது வீட்டில் இருக்கிறாள், பயமில்லை என்கிறார்கள். அவள் என்ன கேட்டாள் என்பதையே அன்று சாயங்காலம் உதவியாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ‘நல்ல ஜோக் அடிச்சீங்க சார், பசங்க சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க’ என்றார். பாவம், அவர் என்னைப் பாராட்டத்தான் சொன்னார்.

யாரும் என் மேல் குற்றம் சொல்லவில்லை. அவளுக்கு ஏற்கெனவே நோய் இருப்பதால் உடல்நிலைதான் காரணம் என்று துறைத் தலைவர் குறிப்பு எழுதிவிட்டார். இந்தப் பாடத்தை அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவள் வீட்டுக்கு யோசனையும் சொல்லியிருக்கிறாராம். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். தலையாட்டினேன். இந்த முறை எனக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது.

குழு வருவது டிசம்பர் இரண்டாம் தேதி. ராத்திரி சோறு இறங்குவதில்லை.

உன் அண்ணன்


நவம்பர் 9

அண்ணா,

உன் கடிதத்தை வேலை செய்யும் இடத்தில் படித்தேன். குழாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். கூட இருந்த பையன்கள் முட்டி வலி என்று நினைத்து எண்ணெய் கொண்டுவந்தார்கள்.

உன் மேல் கோபமாக இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. என் மேலும் கோபம் இருக்கிறது. போன வருடம் உன் வீட்டில் நாலு நாள் தங்கினேனே, எனக்கு அப்போதே தெரியும். நான் எங்கே உட்கார்ந்தாலும் நாற்காலியை நகர்த்தி என் இடது பக்கத்துக்கு வந்தாய், உன் வலது காது என் பக்கம் இருக்கும்படி. அண்ணி உன்னைக் கூப்பிட வேண்டுமென்றால் மேஜையைத் தட்டினாள். நீயாகச் சொல்லட்டும் என்று சும்மா இருந்துவிட்டேன். நம் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்த மரியாதை ஒன்று நன்றாக வரும். செப்டம்பரில் அட்டவணையைப் பார்த்துக் கண்டுபிடித்த மாதிரி எழுதினேன். பாதிதான் அட்டவணை.

இப்போது கேள். அந்தப் பெண் தன் நெஞ்சைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாள். தன்னால் எல்லோரையும் போல ஒரு வகுப்பில் உட்கார முடியவில்லை என்று நினைத்து ஒரு வருடத்தை விட்டுக்கொடுப்பாள். அது பொய் என்று தெரிந்த ஆள் நீ ஒருவன்தான். உன்னிடம் எண்கள் இருக்கின்றன. விட்டுப்போன பத்தியைச் சேர்த்து அவளுக்கும் துறைத் தலைவருக்கும் அனுப்பு. டிசம்பருக்கு முன்னால் அனுப்பு. பின்னால் அனுப்பினால் அது வேறு மாதிரி கடிதம்.

வேலை போனால்? போகலாம். போகாது என்று உனக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. காது மருத்துவரைப் பார். அண்ணியைக் கட்டிக்கொள், அவள் மூன்று வருடம் மேஜையைத் தட்டியிருக்கிறாள்.

உன் தங்கை


டிசம்பர் 6

அன்புத் தங்கச்சிக்கு,

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். எனக்குக் காதுக் கருவி வந்துவிட்டது. நேற்று அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டு, வீட்டில் ஏதோ உடைகிறது என்று ஓடினேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நிரந்தரம் இல்லை. எழுத்து மூலம் ஒரு கண்டிப்பு, இன்னும் ஒரு வருடம் தகுதிகாண் காலம். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. மனசு வலிக்கிறது. ஆனால் இப்போது சோறு இறங்குகிறது.

நவம்பர் கடைசியில் முழு அட்டவணையையும் இரண்டு பேருக்கும் அனுப்பினேன். அவளுக்கு எழுதிய கடிதத்தில் மன்னிப்பை ஒரே வரியில் கேட்டேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. துறைத் தலைவர் கூப்பிட்டு, ‘இதைக் குழு முடிஞ்சப்புறம் குடுத்திருக்கக் கூடாதா?’ என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் அவள் பாடத்தை விடத் தேவையில்லை என்று மறுநாளே குறிப்பை மாற்றினார்.

குழு வந்த அன்று ஃபேன் ஓடியது. காதுக் கருவி அப்போது என் கைக்கு வரவில்லை. மாணவர்களிடம் சொன்னேன்: ‘எனக்குக் காது சரியாக் கேக்காது. இத்தனை நாள் உங்ககிட்ட மறைச்சேன். கேள்வி இருந்தா எழுந்து வந்து என் முன்னால நின்னு கேளுங்க.’ பிறகு ஒருவன் வந்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர். கடைசி வரிசையில் அந்த மூன்று பேரும் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

நாலாவதாக அவள் வந்தாள். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவளுக்கு அதுதான் முதல் வகுப்பு. ஒரு கை தூரத்தில் நின்றாள். ஆறு மாதம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் குரல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சன்னக் குரல், ஆனால் நடுக்கம் இல்லை.

‘சார், ஃபேனை நிறுத்தினா இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரிஞ்சதுக்கு அப்புறம், எத்தனை வகுப்பு?’

குழுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துறைத் தலைவர் பாதி எழுந்துவிட்டார். நான் அவரைப் பார்த்து வேண்டாம் என்று கை காட்டினேன். வருகைப் பதிவேட்டை வைத்து முந்தின நாளே எண்ணியிருந்தேன்.

‘இருபத்திரண்டு’ என்றேன்.

கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்று இன்னொரு முறையும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. ‘சரி சார்’ என்றாள். திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, நான் பாடத்தைத் தொடரட்டும் என்று காத்திருந்தாள்.

நான் தொடர்ந்தேன்.

உன் அண்ணன்